.22 ரைபிளின் உட்பாகங்களில் ஒருபக்கத் தேய்மானம்: எதை உண்மையான தேய்மானமாகக் கொள்வது?

வெள்ளவத்தை வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கழகத்தில் உபகரணங்களைப் பராமரிக்கும் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. கழகத்தின் உரிமத்தில் உள்ள பழைய .22 ரைபிள் ஒன்று பற்றியே இந்தக் கேள்வி. கையால் போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் உருளைப் பாகத்தை) இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக இடும் வகையைச் சேர்ந்த அதை, 50 மீட்டர் தூரத்துக்குப் படுத்த நிலையில் சுடப் பழகும் இளையவர்கள் பயன்படுத்துகிறார்கள். அண்மைக் காலமாக அதன் வெடிகள் இடம் வலமாக ஒழுங்காக விழுந்தாலும் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன. 50 மீட்டர் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர் விட்டமே கொண்டது என்பதால், சிறிய சிதறல்கூட எட்டுக்கும் ஏழுக்கும் இறக்கிவிடுகிறது. நன்றாகச் சுடக்கூடிய இருவர் மாறி மாறிச் சுட்டுப் பார்த்தும் சிதறலின் வடிவம் மாறவில்லை. எனவே கோளாறு சுடுபவரிடம் இல்லை என்றே நினைக்கிறேன்.

துவக்கு வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறு அறையில் பூட்டி வைத்த பின்னர் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு விடயங்கள் கண்ணில் பட்டன. பூட்டிய நிலையில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்று போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் இரண்டு பூட்டுக் காதுகளில், கீழ்க் காதின் பின்முகம் பளபளவென்று இருக்கிறது. மேற்காதிலோ தொழிற்சாலையில் பூசிய கருமை அப்படியே இருக்கிறது. தோட்டாவை அடித்துத் தீப்பற்ற வைக்கும் ஃபயரிங் பின்னின் ஒரு பக்கத்தில் மட்டும் நீளமான, பளபளப்பான கோடு ஒன்று ஓடுகிறது. போல்ட்டைத் தூக்கும்போது ஸ்பிரிங்கை இழுத்து வைக்கும் சாய்ந்த வெட்டில் ஓரிடம் சொரசொரப்பாக இருக்கிறது. குழலுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்தால், தோட்டா அறைக்குச் சற்று முன்னால் அடிப்பக்கம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

இவற்றில் எது தேய்மானம், எது வழக்கமான உராய்வு? பெரிய கருவிகள் இல்லாமல் இதை எவ்வளவு தூரம் சோதிக்க முடியும்? வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் பூசிப் போல்ட்டைப் பலமுறை திறந்து மூடினால் இரு காதுகளும் சமமாகிவிடும் என்று கழகத்தில் ஒருவர் சொல்கிறார். அதைச் செய்யலாமா?

பஞ்சிகாவத்தைக் கடைச்சற்பட்டறை

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். அந்தப் பேஸ்டைத் துவக்கின் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். அது எஞ்சின் வால்வையும் அதன் இருக்கையையும் உராய்த்துப் பொருத்துவதற்கென்று எங்கள் தெருவில் விற்கப்படும் பொருள். பழைய துவக்குகள் பலவற்றில் இந்தக் காதுகளின் வெளித்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது மென்மையான இரும்பு. அந்த மெல்லிய தோலைப் பேஸ்ட் தின்றுவிட்டால் அதன் பிறகு தேய்மானம் பல மடங்கு வேகமாகும். அத்துடன் பேஸ்டில் உள்ள துகள்கள் இரும்பில் பதிந்துகொண்டால், கழுவிய பின்னரும் அவை வேலை செய்துகொண்டே இருக்கும்.

நான் துவக்குத் தொழில் செய்பவன் அல்லன். ஆனால் இரண்டு இரும்பு முகங்கள் எங்கே தொடுகின்றன என்று பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. பளபளப்பைக் கண்டதும் தேய்மானம் என்று முடிவுகட்டுவது கண்ணின் அவசரம். கரும்பூச்சு மிக மெல்லியது; சில நூறு தடவைகள் உரசினாலே போய்விடும். அதன் கீழுள்ள இரும்பு அளவிற் குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. எனவே நிறத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். காதின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் படி தட்டுப்படுகிறதா, அல்லது அடிபட்ட இரும்பு வெளியே பிதுங்கி உதடு போல நிற்கிறதா என்று தேடுங்கள். படி இருந்தால் இரும்பு போயிருக்கிறது. உதடு இருந்தால் இரும்பு அடிபட்டு நகர்ந்திருக்கிறது. இரண்டும் இல்லாமல் பளபளப்பு மட்டும் இருந்தால், அங்கே தொடுகை நடக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் அதற்கு இல்லை.

துருவின் தடயத்தையும் தேய்மானத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் இது இன்னும் முக்கியம். துரு விட்டுச்செல்லும் குழிகள் மங்கலாக, திசை எதுவும் இல்லாமல், சிதறிக் கிடக்கும். உராய்வுக்கு எப்போதும் ஒரு திசை இருக்கும். ஒரு முகம் மற்றதைப் பிய்த்தெடுத்திருந்தால் உராய்ந்த திசையிலேயே கிழிசல்கள் தெரியும். உங்கள் சாய்ந்த வெட்டில் உள்ள சொரசொரப்பு இந்த மூன்றில் எது என்பதை 10 மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி சொல்லிவிடும். அதைப் பார்க்கும் முன் நன்றாகக் கழுவுங்கள். காய்ந்த கிரீசும் மணலும் சேர்ந்து சொரசொரப்புப் போல நடிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொடுகையை அறிய மார்க்கிங் புளூவே (தொடும் இடத்தைக் காட்டப் பூசும் நீல மை) போதும். காதுகளின் பின்முகத்தில் விரல்நுனியால் மிக மெல்லிதாகப் பூசி, போல்ட்டை மெதுவாக மூடித் திறந்து, எங்கே நீலம் அகன்றிருக்கிறது என்று பாருங்கள். கனமாகப் பூசினால் தொடாத இடத்திலும் நீலம் ஒட்டி உங்களை ஏமாற்றும். புளூ கிடைக்காவிட்டால் நிரந்தர மார்க்கர் பேனாவும் ஓரளவு உதவும்.

ஓய்வுபெற்ற ஆமரர், தெஹிவளை

தம்பி, பட்டறைக்காரர் பேஸ்டைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நீலம் பூசும் முறையில் ஒரு விடயத்தைச் சேர்க்க வேண்டும். அது விடுபட்டால் சோதனையின் பெறுபேறே தலைகீழாகிவிடும்.

ஸ்பிரிங் இழுபடாமல் போல்ட்டை வெறுமையாக மூடினால் காதுகளைப் பின்னோக்கித் தள்ளும் விசை எதுவும் இல்லை. அவை தம் இருக்கையில் அமராமல் இடைவெளியில் மிதந்துகொண்டிருக்கும். எனவே சோதனையை இரண்டு நிலைகளில் செய்ய வேண்டும். முதலாவது, ஃபயரிங் பின்னையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, போல்ட்டை மூடி, குழல் வாய்ப்பக்கமாக ஒரு பித்தளைக் கோலை விட்டுப் போல்ட் முகத்தை மெதுவாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே கைபிடியைச் சற்று மேலும் கீழும் அசைப்பது. இரண்டாவது, எல்லாப் பாகங்களையும் பூட்டி, ஸ்பிரிங் இழுபட்ட நிலையில், தோட்டா இல்லாமல் மூடித் திறப்பது. இழுபட்ட நிலையில் ஸ்பிரிங் போல்ட்டின் உடலைப் பின்னோக்கித் தள்ளுவதால் காதுகள் தாமாகவே அமரும். ஆனால் அதே நேரத்தில் சியரின் (விசையை இழுக்கும் வரை ஃபயரிங் பின்னைப் பிடித்து வைக்கும் பாகத்தின்) சாய்ந்த முகம் போல்ட்டின் பின்பகுதியைச் சிறிது மேலே தூக்கும். பின்பகுதி உயர்ந்தால் போல்ட் முழுவதும் சாய்ந்து, மேற்காது இருக்கையை விட்டு முன்னே நகர, கீழ்க் காது மட்டும் அழுந்தும். நீங்கள் கண்ட கீழ்க் காதுப் பளபளப்பும் மேற்காதுக் கருமையும் இதனாலேயே வந்திருக்கலாம். அப்படியானால் அது போல்ட்டுக்கும் அதன் துளைக்கும் இடையே உள்ள தளர்வின் விளைவு. காதுகளில் குறை இல்லை.

இரு சோதனைகளிலும் மேற்காதில் நீலம் அகலவே இல்லையென்றால் மட்டுமே காதுகளின் பொருத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். அப்போதும் .22 வகையில் பதற்றம் வேண்டாம். உங்கள் துவக்கின் தோட்டாவான .22 லோங் ரைபிளின் உச்ச அறை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 இறாத்தல் அளவிலேயே நிற்கிறது. .308 போன்ற பெரிய தோட்டாக்களுக்கு அது 62,000. பெரிய துவக்கில் ஒரு காது மட்டும் சுமை தாங்குவது பாரதூரமான விடயம்; .22 இல் அது பெரும்பாலும் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டிய விடயம்.

காதுகளை உராய்த்துச் சமப்படுத்தும் எண்ணத்துக்கு இன்னுமொரு தடை உண்டு. .22 தோட்டா தன் விளிம்பிலேயே தங்கி நிற்கிறது. அந்த விளிம்புக்குரிய இடைவெளியைச் சரிபார்க்கும் அளவுகோல்களில், போல்ட் மூட வேண்டியது 0.043 அங்குலம், மூடக் கூடாதது 0.046 அங்குலம். இரண்டுக்கும் இடையே இருப்பது 0.003 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டரின் பதின்மூன்றில் ஒரு பங்கு. காதின் பின்முகத்திலிருந்து எவ்வளவு இரும்பை எடுக்கிறீர்களோ அவ்வளவும் நேராக இந்த இடைவெளியில் கூடிவிடும். எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க வழியில்லை. அளவுகோல் இல்லாதவர் இதில் கைவைக்கவே கூடாது. அளவுகோல் உள்ள, உரிமம் பெற்ற ஆமரரிடம் (துவக்குகளைத் திருத்துபவரிடம்) கழகத்தின் கடிதத்தோடு கொடுப்பதே முறை. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமத்தில் உள்ள ஒரு துவக்கின் முக்கிய பாகத்தை, உரிமம் இல்லாத பட்டறைக்குத் தனியாக அனுப்புவதையும் தவிர்த்துவிடுங்கள்.

இனி உங்கள் மேல்–கீழ்ச் சிதறலுக்கு வருவோம். காதுகளைவிட ஃபயரிங் பின்னின் மீதே எனக்குச் சந்தேகம். .22 சன்னம் 50 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.16 விநாடி எடுக்கிறது. அந்த நேரத்தில் அது 12 சென்டிமீட்டர் அளவு கீழிறங்குகிறது. வெடிக்கு வெடி வேகம் விநாடிக்கு 10 மீட்டர் மாறினால், விழும் இடம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் மாறும். விளிம்பில் அடிபட்டுத் தீப்பற்றும் தோட்டாவில், அடியின் வலு மாறினால் தீப்பற்றும் விதமும், அதனால் வேகமும் மாறும். இடம் வலமாக எதுவும் மாறாமல் மேலும் கீழுமாக மட்டும் சிதறுவது இதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

பின்னின் ஒருபக்கக் கோட்டுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பின் வளைந்திருக்கலாம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்து நெளிந்து பின்னைப் போல்ட் துளையின் ஒரு சுவரோடு அழுத்தலாம். கண்ணாடித் தகட்டின் மேல் பின்னை உருட்டினால் வளைவு உடனே தெரியும். ஸ்பிரிங்கை மேசைமேல் நிறுத்துங்கள். நேராக நிற்காமல் சாய்ந்தால் அதன் முனை சதுரமாக இல்லை. இவற்றுக்கு முன், ஒரே பெட்டியில் சுட்ட வெற்றுக் கோதுகளைச் சேகரித்து, அடிபட்ட பள்ளம் ஒரே திசையில் இருக்குமாறு வரிசையாக நிறுத்தி உருப்பெருக்கியால் பாருங்கள். பள்ளத்தின் ஆழம் கோதுக்குக் கோது மாறுகிறதா, பள்ளத்துக்குள்ளேயே ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் இருக்கிறதா என்று கவனியுங்கள். முதலாவது அடியின் வலு மாறுவதைக் காட்டும். இரண்டாவது பின்னின் நுனி ஒருபக்கமாகத் தேய்ந்திருப்பதையோ முறிந்திருப்பதையோ காட்டும். உள்ளே எதையும் கழற்றாமலே இவ்வளவு சொல்லக்கூடிய சான்று வேறு இல்லை.

குழலின் அடிப்பக்க மங்கலைப் பற்றி: .22 தோட்டாக்களின் தீப்பற்றும் கலவையில் கண்ணாடித் தூள் சேர்க்கப்படுவதுண்டு. சுட்ட பின் அந்த மிச்சம் குழலின் அடியில் படிய, அடுத்த சன்னம் அதன் மேலேறி உராய்ந்து செல்கிறது. பல ஆண்டுகளில் அறைக்கு முன்னால், கடிகாரத்தின் ஆறு மணிப் பக்கத்தில் மட்டும் குழல் அரிக்கப்படும். நீங்கள் காண்பது வெறும் ஈயப் படிவா, இந்த அரிப்பா என்பதை நன்றாகச் சுத்தம் செய்த பின்னரே சொல்ல முடியும். சுத்தம் செய்த பின்னும் பள்ளமாகத் தெரிந்தால் அதுதான் உங்கள் துவக்கில் உள்ள உண்மையான ஒருபக்கத் தேய்மானம். அதைத் திருத்த முடியாது.

கொட்டாஞ்சேனைப் பயிற்றுநர்

ஆமரர் ஐயாவின் விளக்கத்தை மறுக்கவில்லை. ஆயினும் உட்பாகங்களைத் திறக்கும் முன்னர் வெளியே சரிபார்க்க வேண்டியவை விடுபட்டுப் போகின்றன. மரப்பகுதியுடன் இயங்குபகுதியைப் பிணைக்கும் ஆணிகள் என்ன இறுக்கத்தில் இருக்கின்றன? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இங்குள்ள ஈரப்பதத்தில் மரம் ஊதி, மற்றைய மாதங்களில் சுருங்கும். ஒருமுறை இறுக்கிவிட்டு மறந்த ஆணி அடுத்த பருவத்தில் அதே இறுக்கத்தில் இருக்காது. இதுவும் மேல்–கீழ்ச் சிதறலைத் தரக்கூடியதே. முறுக்கு விசை காட்டும் திருகியைக் கொண்டு, தயாரிப்பாளர் தந்த அளவுக்கு இறுக்கிய பின்னர் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். தோட்டாவின் தொகுதி இலக்கமும் மாறாமல் இருக்க வேண்டும். ஒரே பெயரில் வரும் தோட்டாக்களே தொகுதிக்குத் தொகுதி வேறுபட்டு நடந்துகொள்வதை .22 சுடுபவர் எல்லோரும் அறிவர்.

மற்றொன்றும் உண்டு. இளையவர்கள் தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுகிறார்களா? பல .22 துவக்குகளில் அப்படிச் செய்தால் பின்னின் நுனி அறையின் விளிம்பிலேயே அடிக்கும். அங்கே இரும்பு பிதுங்கினால் கோது சிக்கிக்கொள்ளும். பின்னின் நுனியும் மழுங்கும். பயிற்சிக்குச் செயற்கைத் தோட்டாக்களைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே பார்த்தேன். ஆணிகளில் பின்பக்கத்து ஆணி தளர்வாகவே இருந்தது, அதைத் திருத்தியாயிற்று. ஆனால் அதன் பிறகும் சிதறல் சற்றுக் குறைந்ததே தவிர நீங்கவில்லை. விசையைத் தோட்டா இல்லாமல் இழுத்துப் பழகும் வழக்கம் முன்னர் இருந்ததாக மூத்த உறுப்பினர்கள் சொல்கிறார்கள். ஆயினும் அறையின் விளிம்பில் பிதுக்கம் எதுவும் தட்டுப்படவில்லை.

வெற்றுக் கோதுகளை வரிசையாக நிறுத்தியபோது பள்ளங்களின் ஆழம் தெளிவாக மாறுபட்டது. ஒவ்வொரு பள்ளமும் தனக்குள் சமமாகவே இருந்தது. ஃபயரிங் பின் கண்ணாடித் தகட்டில் நேராக உருண்டது. ஸ்பிரிங்கை நிறுத்தினால் அது ஒரு பக்கமாகச் சாய்கிறது. போல்ட்டின் உட்துளையிலிருந்து மஞ்சள் நிறத்தில், பிசின் போல இறுகிய கிரீஸ் வந்தது. அதைக் கழுவி எடுத்த பின், சாய்ந்த வெட்டின் சொரசொரப்பும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது மிகச் சிறிய உராய்வுக் கோடுகளே.

நீலச் சோதனையில், பின் இல்லாத நிலையில் இரு காதுகளிலும் நீலம் அகன்றது. கீழ்க் காதில் முகம் முழுவதும், மேற்காதில் பாதியளவு. எல்லாம் பூட்டி இழுத்த நிலையில் மேற்காது நீலத்தோடு அப்படியே வந்தது. நகத்தை ஓட்டினால் எந்தக் காதிலும் படி இல்லை. குழலின் மங்கல், சுத்தம் செய்த பின் குறைந்திருக்கிறது, முற்றாகப் போகவில்லை.

இனி ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா? சியரையும் கழற்றிப் பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற ஆமரர், தெஹிவளை

தம்பி, பெறுபேறுகள் தெளிவாக இருக்கின்றன. பின் இல்லாதபோது மேற்காது தொடுகிறது. பின் இழுபட்டதும் விலகுகிறது. ஆகவே சாய்வே காரணம். காதுகளை அப்படியே விட்டுவிடுங்கள். பள்ளத்தின் ஆழம் மாறுவதும், ஸ்பிரிங் சாய்வதும், பின் நேராக இருப்பதும், கிரீஸ் இறுகியிருந்ததும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. நெளிந்த ஸ்பிரிங் பின்னைச் சுவரோடு அழுத்த, இறுகிய கிரீஸ் அதன் ஓட்டத்தை ஒருமுறை ஒரு விதமாகவும் மறுமுறை வேறு விதமாகவும் தடுத்திருக்கிறது.

ஆனால் கிரீசைக் கழுவியதையும் ஸ்பிரிங்கை மாற்றுவதையும் ஒன்றாகச் சோதிக்காதீர்கள். கழுவியாயிற்று என்பதால், பழைய ஸ்பிரிங்கோடேயே அதே தொகுதித் தோட்டாக்களை, தாங்கியின் மேல் வைத்துச் சுட்டு, கோதுகளையும் இலக்குத் தாளையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த மாதிரிக்குரிய புதிய ஸ்பிரிங்கைப் போட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். அளவு ஏறத்தாழப் பொருந்துகிறது என்று வேறொரு ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டால், வலுக் கூடிய ஸ்பிரிங் சியரின் மேலும் சாய்ந்த வெட்டின் மேலும் புதிய தேய்மானத்தை உண்டாக்கும். உட்துளையிலும் பின்னிலும் கிரீஸ் வேண்டாம். துடைத்துவிட்ட பின் எஞ்சும் எண்ணெய்ப் படலமே போதும். கிரீஸ் வேண்டியது சாய்ந்த வெட்டுக்கும் காதுகளின் பின்முகத்துக்கும் மட்டும், அதுவும் விரலில் தெரிய மாட்டாத அளவு.

சியரைக் கழற்ற வேண்டாம், வெளியிலிருந்தே பாருங்கள். அதன் பிடிவிளிம்பில் அகலம் முழுவதும் ஒரே தடிப்பான கோடு பளபளத்தால் நல்லது. ஒரு மூலையில் மட்டும் பளபளத்து மறுமூலை கருமையாக இருந்தால், ஃபயரிங் பின் ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியிருந்தாலோ, இழுபட்ட நிலையில் போல்ட்டை உறுதியாக மூடும்போது ஒருமுறையேனும் பின் தானாக விடுபட்டாலோ, அந்தத் துவக்கை இளையவர்களிடம் கொடுப்பதை அன்றே நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற ஆமரரிடம் அனுப்புங்கள். சியரின் விளிம்பில் கல்லோ அரமோ படக் கூடாது.

அங்கே அனுப்பும்போது விளிம்பு இடைவெளியையும் அளவுகோலால் பார்த்துத் தரச் சொல்லுங்கள். குழலுக்குள் விடும் சிறு கமரா அவர்களிடம் இருந்தால், ஆறு மணிப் பக்கத்தைப் படமெடுத்துக் கழகத்தின் பதிவேட்டில் திகதியோடு ஒட்டி வையுங்கள். அரிப்பு வளர்கிறதா என்பதை அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டே அறிய முடியும்.